மூன்று மதிப்பெண்ணுக்கு ஒரு வருடம்

"அக்கா, அமெரிக்காவில இன்டர்னல் மெடிசினுக்கு எவ்வளவு ஸ்கோர் வேணும்?"

வாரத்துக்கு இரண்டு பேராவது இந்தக் கேள்வியை அனுப்புகிறார்கள். பெரும்பாலும் நான் படித்த அரசு மருத்துவக் கல்லூரியின் ஜூனியர்கள். சிஆர்ஆர்ஐ (எம்பிபிஎஸ் கடைசியில் வரும் கட்டாயப் பயிற்சி வருடம்) முடிக்கப் போகிறவர்கள், அல்லது நீட் பிஜி ஒருமுறை எழுதிப் பார்த்து மனசு விட்டுப்போய் இந்தப் பக்கம் திரும்பியவர்கள். நான் 2025 ஜூலையிலிருந்து மிச்சிகனில் ஒரு மருத்துவமனையில் இன்டர்னல் மெடிசின் (பொது மருத்துவம்) ரெசிடென்ட், அதாவது மேற்படிப்புப் பயிற்சி டாக்டர். அதற்கு எழுதவேண்டிய ஸ்டெப் 2 சிகே தேர்வில் என் மதிப்பெண் 251. அதைச் சொன்னதும் அடுத்த கேள்வி வந்துவிடும்: "அப்ப 251 போதுமாக்கா?"

போதும் என்று எழுதிவிட்டுத் தூங்கப் போகலாம். ஆனால் அந்த 251-ஐ வாங்குவதற்காக நான் ஒரு முழு விண்ணப்ப சீசனை விட்டேன். விடாமல் எழுதியிருந்தால் 248 வந்திருக்கும். அந்தக் கதையைச் சொல்லாமல் எண்ணை மட்டும் சொன்னால் பாதிப் பொய்.

பின்னணி தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம். அமெரிக்காவில் ரெசிடென்சி சேர யூஎஸ்எம்எல்இ எனும் மருத்துவ உரிமத் தேர்வுகளில் ஸ்டெப் 1, ஸ்டெப் 2 சிகே இரண்டும் வேண்டும். ஸ்டெப் 1-க்கு முன்பு மூன்றிலக்க மதிப்பெண் கொடுத்தார்கள். 2022 ஜனவரி 26 முதல் அது வெறும் தேர்ச்சி, தோல்வி. எங்கள் சீனியர்கள் காலத்தில் இரண்டு எண்களில் பிரிந்து கிடந்த பாரம் மொத்தமும் இப்போது ஸ்டெப் 2 சிகே தலையில். நான் எழுதும்போது அதில் தேற 214 வேண்டும்; 2025 ஜூலையிலிருந்து 218. அமெரிக்கக் கல்லூரி மாணவர்கள் முதல் முறை எழுதும்போது சராசரி 248, 250 பக்கம் வருகிறது. 260-ஐத் தாண்டுபவர் ஏறக்குறைய நான்கில் ஒருவர்தான். இந்தக் கடைசி வரியை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் நான் வைத்துக்கொள்ளவில்லை.

எனக்கு 2022 ஏப்ரலில் சிஆர்ஆர்ஐ முடிந்தது. நவம்பரில் ஸ்டெப் 1 தேறினேன். ஸ்டெப் 2 சிகே எழுத 2023 ஜூலை கடைசி வாரம், சென்னை பிரோமெட்ரிக் மையத்தில் தேதி. அதற்கு முந்தைய இரண்டு வாரத்தில் எழுதிய மாதிரித் தேர்வுகள்: என்பிஎம்இ (தேர்வை நடத்தும் அமைப்பே தருவது) இரண்டில் 244, 247. யூவேர்ல்ட் என்ற தனியார் கேள்வி வங்கியின் சுயமதிப்பீட்டில் 252. இலவசமாகக் கிடைக்கும் 120 கேள்விகளில் 81 சதவீதம். எல்லாம் சேர்த்துப் பார்த்தால் 248 சுற்றுவட்டாரம். ஜூலையில் எழுதினால் ஆகஸ்டில் ரிசல்ட். செப்டம்பர் கடைசியில் புரோகிராம்கள் (ரெசிடென்சி நடத்தும் மருத்துவமனைகள்) விண்ணப்பங்களைத் திறக்கும்போது எண் கையில் இருக்கும். கணக்கு சுத்தமாக இருந்தது.

கெடுத்தது டெலிகிராம் குழு. ராத்திரி பதினொரு மணிக்கு ஒருவர் 267 என்று ஸ்க்ரீன்ஷாட் போடுவார். கீழே பத்துப் பேர் கைதட்டுவார்கள். பதினோராவது ஆள், "ஐஎம்ஜிக்கு 260 இல்லேன்னா ஐஎம் மறந்துடுங்க" என்பார். ஐஎம்ஜி என்றால் அமெரிக்காவுக்கு வெளியே மருத்துவம் படித்தவர், ஐஎம் என்றால் இன்டர்னல் மெடிசின். 243 வாங்கியவர் ஸ்க்ரீன்ஷாட் போடுவதில்லை. அவர் அமைதியாக மேட்ச் ஆகி, அதாவது ரெசிடென்சி இட ஒதுக்கீட்டில் இடம் கிடைத்து, போய்விடுகிறார். இது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

ஒஹாயோவில் இரண்டாம் வருடத்தில் இருந்த ஒரு சீனியர் அண்ணாவிடம் கேட்டேன்.

"எழுதிரும்மா. 248-க்கும் 255-க்கும் நடுவுல பெரிய மதிலெல்லாம் இல்ல. செப்டம்பர்ல ஸ்கோரே இல்லாம நிக்கிற பாரு, அதான் மதில்."

"சரிண்ணா" என்றேன். மறுநாள் காலை தேதியைத் தள்ளி வைத்தேன். தேர்வு எழுத அனுமதித்த மூன்று மாத எலிஜிபிலிட்டி காலம் முடியப்போவதால் அதை நீட்டிக்கத் தனிக் கட்டணம். அப்பாவிடம் "இன்னும் கொஞ்சம் நல்லா பண்ணிடலாம்பா" என்று சொல்லி வாங்கினேன். ஓய்வு பெற்றவரிடம் அப்படிக் கேட்டது இப்போதும் உறுத்துகிறது.

ஆகஸ்டிலிருந்து நவம்பர் வரை என்ன படித்தேன் என்று கேட்டால் சொல்லிக்கொள்ளும்படி ஒன்றுமில்லை. யூவேர்ல்ட் மூன்றாம் சுற்று போனேன். நோயாளியின் வயதைப் படிக்கும்போதே விடை ஞாபகம் வந்தது. "34 வயதுப் பெண், கழுத்தில் வீக்கம்" என்றதும் கை தானாக சரியான கட்டத்துக்குப் போகும். சதவீதம் ஏறியது, எனக்கு அறிவு ஏறியதாக ஒரு நினைப்பு. உடம்பு சோர்ந்ததுதான் மிச்சம். ஒரு தேர்வுக்கு உச்சத்தில் இருக்கும் நாட்கள் என்று இரண்டு மூன்று வாரம் உண்டு. எனக்கு அது ஜூலையிலேயே வந்து போய்விட்டது.

தேர்வு நாளைப் பற்றி ஒரே ஒரு விஷயம். அப்போது ஒன்பது மணி நேரம், எட்டு பிளாக் கேள்விகள். அம்மா கட்டிக் கொடுத்த தயிர் சாதத்தை நான்காவது பிளாக் முடிந்ததும் சாப்பிட்டேன். ஐந்தாவது பிளாக்கில் ஒரு ஹைப்போநெட்ரீமியா கேள்வியை நான்கு முறை படித்தும் கண் வரியில் நிற்கவில்லை. வேர்க்கடலை மிட்டாய், வாழைப்பழம், கொஞ்சம் காபி, இவை போதும். வயிறு நிறையச் சாப்பிடுவதை மாலைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

ரிசல்ட் புதன்கிழமைகளில்தான் வரும். வந்தது. 251.

நான்கு மாதத்துக்கு மூன்று மதிப்பெண். ஒரே ஆள், அதே தயாரிப்போடு வேறொரு நாள் உட்கார்ந்தாலே சில மதிப்பெண் ஏறும், இறங்கும். அந்தப் பிழை அளவைத் தேர்வு நடத்துபவர்களே வெளியிடுகிறார்கள். அதனால் அந்த மூன்றும் படிப்பால் வந்ததா, அன்றைய யோகமா என்றுகூடச் சொல்ல முடியாது. அந்த செப்டம்பர் மட்டும் போயே போய்விட்டது.

இதைச் சொன்னதும் "அப்ப தள்ளி வைக்கவே கூடாதா?" என்று கேட்பார்கள். அப்படியும் இல்லை. இந்தத் தேர்வில் ஒருமுறை தேறிவிட்டால் மதிப்பெண்ணை உயர்த்த மறுபடி எழுத முடியாது. தோற்றால் அது டிரான்ஸ்கிரிப்டில் கடைசிவரை இருக்கும், பல புரோகிராம்கள் அந்த ஒரு வரியைப் பார்த்ததும் மூடிவிடும். ஒரு ஸ்டெப்புக்கு மொத்தமே நான்கு வாய்ப்பு. ஆகவே மாதிரித் தேர்வு 225-ஐச் சுற்றி ஊசலாடினால் யார் என்ன சொன்னாலும் தள்ளுங்கள். 240-க்கு மேல் இரண்டு என்பிஎம்இ தொடர்ந்து வந்து, செப்டம்பருக்குள் ரிசல்ட் வரும் என்றால் எழுதிவிட்டு அடுத்த வேலையைப் பாருங்கள். நடுவில் 230-களில் இருப்பவர்களுக்குத்தான் உண்மையான தடுமாற்றம். அங்கே நான் கேட்பது ஒன்றே: போன மாதத்துக்கும் இந்த மாதத்துக்கும் மதிப்பெண் ஏறுகிறதா? ஏறினால் காத்திருக்கலாம். இரண்டு மாதமாக அதே இடத்தில் நின்றால் மூன்றாவது மாதமும் அங்கேதான் நிற்கும்.

ஒரு இடைச்செருகல். நான் எழுதிய சில வாரங்களில், 2024 ஜனவரி கடைசியில், நேபாளத்தோடு தொடர்புடைய தேர்வர்கள் பலரின் மதிப்பெண்களைச் செல்லாது என்று யூஎஸ்எம்எல்இ அறிவித்தது. கேள்விகள் முன்கூட்டியே கைமாறின என்ற சந்தேகம். அதுவரை எங்கள் குழுவில் "ரீகால்ஸ்" என்ற பெயரில் பிடிஎஃப் சுற்றிக்கொண்டிருந்தது, அன்றைக்கு ராத்திரியே எல்லாரும் அழித்தார்கள். யாராவது அனுப்பினால் திறக்காதீர்கள். நேர்மை ஒருபுறம் இருக்கட்டும், பத்து வருடப் படிப்பை ஒரு பிடிஎஃப்-க்கு அடகு வைப்பது பைத்தியக்காரத்தனம்.

சரி, எவ்வளவு வேண்டும் என்ற கேள்விக்கு வருகிறேன்.

இன்டர்னல் மெடிசின் என்பது ஒரே வரிசை இல்லை. 2025 மேட்சில் கேட்டகாரிக்கல் இடங்கள் (முழுப் பயிற்சியும் ஒரே இடத்தில் முடிப்பவை) மட்டும் ஏறக்குறைய 11 ஆயிரம். வேறெந்தத் துறையிலும் இவ்வளவு கிடையாது. இதன் உச்சியில் மாசசூசெட்ஸ் ஜெனரல், ஜான்ஸ் ஹாப்கின்ஸ், யூசிஎஸ்எஃப் போன்றவை. அங்கே சேர்பவர்கள் பெரும்பாலும் அமெரிக்கக் கல்லூரிகளில் படித்தவர்கள். கையில் ஆராய்ச்சி, தெரிந்தவர் எழுதிய கடிதம் எல்லாம் இருக்கும். நம் ஊரிலிருந்து அங்கே போனவர்கள் உண்டு. அவர்கள் அநேகமாக அங்கேயே இரண்டு மூன்று வருடம் ஆராய்ச்சி செய்து, ஆட்களுக்கு முகம் பழகியவர்கள். 268 வாங்கி வீட்டிலிருந்து விண்ணப்பித்தவரை அந்த 268 உள்ளே கொண்டுபோனதை நான் பார்த்ததில்லை.

அதற்குக் கீழே பல்கலைக்கழக மருத்துவமனைகள், பல்கலையோடு இணைந்த கம்யூனிட்டி (உள்ளூர்) மருத்துவமனைகள். கார்டியாலஜி, கேஸ்ட்ரோ என்று ஃபெல்லோஷிப் (அடுத்த கட்டச் சிறப்புப் பயிற்சி) ஆசை இருப்பவர்கள் இந்த அடுக்கைத்தான் குறிவைக்க வேண்டும். நான் பார்த்த, பேசிய ஐஎம்ஜிகளில் இங்கே இருப்பவர்கள் 245 முதல் 260 வரை பரவிக் கிடக்கிறார்கள். நான் இந்த அடுக்கில்தான் இருக்கிறேன். அதற்கும் கீழே தனித்த கம்யூனிட்டி புரோகிராம்கள். அங்கே 230-களில் நிறையப் பேர் சேர்ந்திருக்கிறார்கள், முதல் முயற்சியிலேயே தேறியிருந்தால். நியூயார்க், நியூ ஜெர்சி, மிச்சிகன், பென்சில்வேனியா பக்கம் ஐஎம்ஜிகள் அதிகம்.

இந்த எண்களை என்னிடமிருந்தும் எடுத்துக்கொள்ளாதீர்கள். மேட்சை நடத்தும் என்ஆர்எம்பி அமைப்பு வெளியிடும் சார்ட்டிங் அவுட்கம்ஸ் அறிக்கையில், மேட்ச் ஆனவர், ஆகாதவர் மதிப்பெண்கள் வெளிநாட்டுப் பட்டதாரிகளுக்குத் தனியாகவே இருக்கின்றன. ஆகாதவர் பக்கத்தையும் பாருங்கள். அங்கே 250-களும் 260-களும் இருக்கும். எனக்கு அந்தப் பக்கம்தான் கண்ணைத் திறந்தது. விண்ணப்பக் கணக்கு திறந்ததும் ரெசிடென்சி எக்ஸ்ப்ளோரர் என்ற கருவியில் ஒவ்வொரு புரோகிராமோடும் உங்கள் எண்ணை ஒப்பிட்டுப் பார்க்கலாம். இவை எல்லாவற்றையும்விட எனக்கு உதவியது புரோகிராம் இணையதளத்தில் ரெசிடென்ட்களின் படம் போட்டிருக்கும் பக்கம். முதல் வருடத்தில் எத்தனை பேர், அதில் எத்தனை பேர் இந்தியாவிலோ பாகிஸ்தானிலோ நைஜீரியாவிலோ படித்தவர்கள் என்று எண்ணினேன். மூன்று வருடப் படத்திலும் ஒரு ஐஎம்ஜி கூட இல்லாத இடத்துக்கு விண்ணப்பிப்பது உண்டியலில் காசு போடுவது மாதிரி. அதிலாவது புண்ணியம் உண்டு.

மதிப்பெண் எங்கே வேலை செய்கிறது என்பதைப் புரிந்துகொள்ள எனக்கு ரெசிடென்சி உள்ளே வரவேண்டியிருந்தது. இருபது முப்பது இடத்துக்கு ஆயிரக்கணக்கில் விண்ணப்பம் வருகிறது. எல்லாவற்றையும் உட்கார்ந்து படிக்க ஆளில்லை. அதனால் சல்லடை போடுகிறார்கள்: ஸ்டெப் 2 இத்தனைக்கு மேல், தோல்வி கூடாது, பட்டம் முடித்து இத்தனை வருடத்துக்குள், விசா வேண்டுமா வேண்டாமா. 220, 230, 240 என்று முழு எண்ணில்தான் பெரும்பாலும் கோடு போடுகிறார்கள். 251-ம் 248-ம் அநேகமாக எல்லாச் சல்லடையிலும் ஒரே பக்கம்தான் விழும். ஆனால் நான் ஒரு வருடம் தள்ளியதால் மாறிய எண் வேறு: பட்டம் முடித்து எத்தனை வருடம் என்பது. அதைச் சல்லடையில் கெடுத்துக்கொண்டுதான் மூன்று மதிப்பெண் வாங்கினேன்.

அந்த வீணான வருடத்தில் ஊரில் ஒரு தனியார் மருத்துவமனையில் டியூட்டி டாக்டராக இருந்தேன். ராத்திரி பணி, சம்பளம் சுமார். 2024 வசந்தத்தில் பி1/பி2 விசாவில் போய் இரண்டு மாதம் அப்சர்வர்ஷிப். நோயாளியைத் தொடக்கூடாது, ஓரமாக நிற்கவேண்டும். முதல் வாரம் உப்புக்குச் சப்பாணி போல நின்றேன். இரண்டாம் வாரம் தினமும் ஒரு நோயாளியின் ஃபைலை முன்கூட்டியே கேட்டு வாங்கி, ஐந்து நிமிடம் பேசிக் காட்டுகிறேன் என்றேன். அந்த டாக்டர் எழுதிக் கொடுத்த கடிதத்தில் இருந்த விஷயத்தைத்தான் மூன்று இன்டர்வியூக்களில் எடுத்துப் பேசினார்கள். 251-ஐப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை.

2024 செப்டம்பரில் 110 புரோகிராம்களுக்கு விண்ணப்பித்தேன். முதல் 30-க்குத் தலா 11 டாலர், அதற்கு மேல் ஒவ்வொன்றுக்கும் 30 டாலர். கூட்டினால் 2,730 டாலர், ரூபாயில் இரண்டே கால் லட்சத்துக்கு மேல். தேர்வுக் கட்டணம், டிக்கெட், அங்கே தங்கின வாடகை எல்லாம் இதில் சேராது. மொத்தச் செலவை ஒரு தாளில் எழுதி வீட்டில் முதலிலேயே காட்டுங்கள். நான் தவணை தவணையாகச் சொன்னேன், அது கூடுதல் ரணம்.

இன்னொரு தவறு சிக்னலில். நமக்கு எந்த புரோகிராம்கள் மேல் உண்மையான விருப்பம் என்று காட்டக் கொடுக்கும் அடையாளம் அது. இன்டர்னல் மெடிசினில் 3 தங்கம், 12 வெள்ளி. ஒரு தங்கத்தைப் பேர்போன பல்கலைக்கழகம் ஒன்றின்மேல் போட்டேன், ஆசை யாரை விட்டது. அவர்களின் மறுப்பு அஞ்சல் அக்டோபரிலேயே வந்தது. சிக்னல் போட்ட 15-ல் ஐந்து இன்டர்வியூ, போடாத 95-ல் நான்கு. இந்த இரண்டு எண்களையும் வகுத்துப் பார்த்தால் 2,730 டாலரில் எவ்வளவு வீண் என்று தெரியும். உங்கள் எண் பொருந்தும், விசா கொடுக்கும், ஏற்கெனவே நம்மவர்களை எடுத்திருக்கும் இடங்களுக்கு மட்டும் சிக்னல் போடுங்கள்.

இன்டர்வியூ எல்லாம் ஆன்லைன்தான். அவர்களுக்குக் காலை, நமக்கு ராத்திரி. மேலே கோட், கீழே பைஜாமா, பின்னால் அம்மா துவைத்துக் கொடுத்த வெள்ளைத் திரை. ஒருமுறை கரண்ட் போய் இன்வெர்ட்டர் "பீப் பீப்" என்றபோது எதிரே இருந்தவர் ஐசியூவில் ஏதோ அலாரம் என்று நினைத்துவிட்டார். ஒன்பதில் ஏழில் கேட்ட கேள்வி: "2022-ல் முடித்துவிட்டு இவ்வளவு நாள் என்ன செய்தாய்?" மூன்று மதிப்பெண் வாங்கிக்கொண்டிருந்தேன் என்றா சொல்ல முடியும்? டியூட்டி டாக்டர் வேலையைச் சொன்னேன். ஐந்து நாள் காய்ச்சலோடு வந்த ஒரு தோட்டவேலைக்கார அம்மாவுக்கு, டெங்கு இல்லை, டைஃபாய்டு இல்லை என்று திரிந்து, கடைசியில் அக்குளில் சிகரெட்டால் சுட்டது போல ஒரு கருப்புப் பொருக்கைக் கண்டுபிடித்தது, ஸ்க்ரப் டைஃபஸ் என்று டாக்ஸிசைக்ளின் கொடுத்து இரண்டாம் நாள் காய்ச்சல் இறங்கியது. நம் ஊர்ப் பக்கம் அது அதிசயமில்லை. அவர்களில் ஒருவர் வாழ்நாளில் பார்த்ததில்லையாம். இருபது நிமிட இன்டர்வியூவில் பத்து நிமிடம் அதிலேயே போனது. இப்போது நான் இருக்கும் இடம் அதுதான்.

இன்டர்வியூ முடிந்ததும் புரோகிராம்களை விருப்ப வரிசையில் எழுதிக் கொடுக்கும் ரேங்க் லிஸ்டில், யார் எடுப்பார்கள் என்று யோசித்து வரிசைப்படுத்தாதீர்கள். எங்கே போக ஆசையோ அந்த வரிசையில் எழுதுங்கள். மேட்ச் கணக்கு விண்ணப்பிப்பவர் பக்கமிருந்து தொடங்குகிறது. மேலே கனவை எழுதியதால் கீழே இருப்பது கைநழுவாது. இந்த முறையை 1990-களில் திருத்தி அமைத்த ஆல்வின் ராத்துக்கு 2012-ல் பொருளாதார நோபல் கிடைத்தது, அவரை நம்பலாம்.

விசா பற்றிச் சுருக்கமாக: நான் ஜே-1, அதாவது பயிற்சிக்கான பரிமாற்ற விசா. ஹெச்-1பி எனும் வேலை விசா வேண்டுமென்றால் ஸ்டெப் 3-யும் முன்கூட்டியே முடிக்கவேண்டும். 2025 செப்டம்பரில் புதிய ஹெச்-1பி மனுக்களுக்கு ஒரு லட்சம் டாலர் கட்டணம் அறிவித்த பிறகு, அந்த வழியை மட்டும் நம்பித் திட்டம் போடாதீர்கள்.

2025 மார்ச் 17, திங்கள், இரவு ஏழரை. மேட்ச் ஆனதா இல்லையா என்பது மட்டும் அன்றைக்கு வரும், எங்கே என்பது வெள்ளிக்கிழமை. அந்த வருடம் அமெரிக்கக் குடியுரிமை இல்லாத ஐஎம்ஜிகளில் 58 சதவீதம் பேருக்குத்தான் இடம் கிடைத்தது. எனக்கு வந்த அஞ்சலைத் திறந்து பார்த்துவிட்டு அப்பாவைக் கூப்பிட்டேன்.

"கிடைச்சிருச்சுப்பா."

"எந்த ஊரு?"

"தெரியாது. வெள்ளிக்கிழமைதான் சொல்வாங்க."

"பொண்ணு கொடுத்தாச்சு, மாப்பிள்ளை எந்த ஊருன்னு சொல்லமாட்டாங்களா? என்னம்மா கூத்து இது" என்று சொல்லிவிட்டு, அம்மாவிடம் சொல்ல அடுக்களைக்குப் போனார்.

போன வாரம் ஒரு தம்பி எழுதியிருந்தான். என்பிஎம்இ 246, 249, தேர்வுக்கு எட்டு நாள். "நவம்பருக்குத் தள்ளலாமாக்கா?" நான் என் கதையை எழுதத் தொடங்கி, நீளமாகப் போகிறது என்று அழித்துவிட்டு, "எத்தனை மணிக்கு ரிப்போர்ட் பண்ணணும்?" என்று மட்டும் கேட்டேன். காலை எட்டுக்கு என்றான். தயிர் சாதம் எடுத்துப் போகாதே என்று பதில் போட்டேன்.